மவுஸைத் தொட்டாலே ஹேங்: ஃபார்மேட் அடிப்பதற்கு முன்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், குன்றாண்டார்கோவில் போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. பிளஸ் டூ படித்த அக்காவுக்குக் கிடைத்தது, அவள் கல்யாணமாகிப் போனபின் தம்பி கைக்கு வந்திருக்கும். வயதான இந்த மெஷின்கள் மவுஸை நகர்த்தும்போதே நின்றுவிட்டால், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

"வைரஸ்தான், ஃபார்மேட் அடிச்சாச் சரியாயிடும்." அதிகம் சொல்லப்படுவதும் அதிகச் சேதம் செய்வதும் இதுதான். முதலில் எது நின்றது என்று பாருங்கள். அம்புக்குறி நகர்கிறது, ஆனால் ஒரு விண்டோ மட்டும் வெளுத்துப் போயிருக்கிறது என்றால், அந்த ஒரு புரோகிராம்தான் சிக்கியிருக்கிறது. ஐந்து விநாடி பதில் வராவிட்டால் விண்டோஸ் அப்படி வெளுக்க வைக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் அதை மூடிவிடலாம். அம்புக்குறியே அசையவில்லையா? கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது, சந்தேகம் மவுஸ் மேல். மாறவில்லை என்றால் மொத்தமும் உறைந்துவிட்டது.

அம்புக்குறி நகர்ந்தும் எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை, ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால், பெரும்பாலும் தேய்ந்துபோன டிஸ்க்தான் காரணம். படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் காத்திருக்கும். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 'டிஸ்க்' என்ற பெயரோடு 7 அல்லது 153 என்ற எண் வரிசையாக இருந்தால் சந்தேகம் பலப்படுகிறது. ஃபார்மேட் அடித்தால் கொஞ்ச நாள் ஓடுவதும் உண்மைதான்: புது விண்டோஸ் டிஸ்க்கின் நல்ல பகுதியில் போய் உட்கார்ந்திருக்கலாம். இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு அந்தக் கொஞ்ச நாள்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்குள் கல்யாண போட்டோக்கள் போயிருக்கும். முதலில் போட்டோக்களை வேறிடத்தில் காப்பி எடுங்கள், பிறகு 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுங்கள். பழைய மெஷின் என்பதால் பொருந்தாமல் போகாது.

"ரைட் கிளிக் பண்ணி ரெஃப்ரெஷ் கொடு, ஸ்பீடாகும்." நம் ஊர் பிரவுசிங் சென்டர்களின் பழைய சடங்கு இது. ரெஃப்ரெஷ் திரையிலுள்ள ஐகான்களை மறுபடி வரையும், அவ்வளவே. ராமில் ஒரு துளி இடம்கூடக் காலியாகாது. வேடிக்கை என்னவென்றால், சில மெஷின்கள் நிற்பதே ரைட் கிளிக்கில்தான். ஆன்டிவைரஸ், ஜிப் புரோகிராம் என்று ஒவ்வொன்றும் அந்த மெனுவில் தன் வரியைச் சேர்த்து வைத்திருக்கும். அதில் ஒன்று பதில் சொல்லத் தாமதித்தாலும் மெனு வராது. ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவியில் மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

ராமைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பது? பாதி உண்மை. முனைகளில் அழுக்கு படிந்தால் கேப்ஸ் லாக்கும் செத்த முழு உறைவு வரலாம். ஆனால் அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சு போய்விடும். மெல்ல ஒரு முறை துடைத்து மாட்டி, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட வேண்டும். லோ வோல்டேஜில் லேப்டாப் ஹேங் ஆகும் என்பது வீண்பழி. பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், போதாக்குறைக்கு உள்ளே பேட்டரி வேறு.

"மவுஸ் போச்சு, புதுசு வாங்கு." வாங்குமுன் அடியில் ஒரு பழைய நோட்டை வையுங்கள். ஆப்டிகல் மவுஸ் தரையை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்துத்தான் நகர்வை அறிகிறது. பாலிஷ் போட்ட கிரானைட்டிலும் கண்ணாடியிலும் அதற்குப் பிடிமானம் இல்லை. வயர்லெஸ் மவுஸ் என்றால், பக்கத்து நீலநிற யூஎஸ்பி 3 துளையில் பென் டிரைவ் ஓடும்போது மட்டும் நிற்கிறதா என்று கவனியுங்கள். அந்த வகை இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்புகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் எழுதி வெளியிட்டது. ரிசீவரை எதிர்ப்பக்கத்துக் கறுப்புத் துளைக்கு மாற்றினால் போதும்.