சாப்பாட்டுத் தட்டில் தொடங்கும் கவனம்

உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்கள் சிறுவயதில் நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்தவர்கள். ஒருநாள் சேர்ந்து உண்டபோது சிறுவரின் கை தட்டெங்கும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் இருப்பதை உண்ணும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அன்று முதல் அப்படியே உண்டதாக அவர்களே அறிவிக்கிறார்கள் (புகாரி).

நபியவர்கள் கூடவே அமர்ந்து உண்டார்கள். அந்தச் சின்னக் கையைக் கவனித்தார்கள். நம் கண் செல்போனில் இருந்தால் நம் பிள்ளையின் கை தெரியுமா?

இன்றிரவு முதல்:
1. செல்போன்களை வேறு அறையில் வையுங்கள்.
2. பிள்ளையோடு சேர்ந்து நிதானமாக பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள்.
3. முதல் கவளத்தின் ருசி எப்படி என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள்.
4. கவனம் சிதறினால் அதட்டாமல் பேச்சுக்கு அழையுங்கள்.
5. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிச் சேர்ந்தே எழுங்கள்.