கச்சான் வீசும் மலையில் பொறுப்பேற்பவருக்கு

நமுனுகுல மலையடித் தேயிலைத் தோட்டத்தில் உதவி முகாமையாளராகச் சேரும் இளையவருக்கு,

காலநிலை மாற்றத்தின் இடரையும் வாய்ப்பையும் தனித்தனி நிரல்களில் எழுதும் வழக்கம் இம்மலை நிற்கும் ஊவாவுக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலேயே மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்கும்போது, ஈரம் குறைந்த செடி வளர்ச்சியை அடக்கிக்கொள்வதாலேயே, ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த குளிர்ந்த மணம் கொழுந்தில் ஏறுகிறது. அதே காற்று சில வாரம் கூடுதலாக நின்றால் இளஞ்செடி கருகும், கொழுந்து குறையும், தொழிலாளரின் வேலைநாள்களும் சுருங்கும். மணமா கருகலா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரமே.

இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் ஏற்று, 2025 ஜனவரி 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் காலநிலை வெளிப்படுத்தல் நியமம், வறட்சி, மண்சரிவு போன்ற நேரடித் தாக்கங்களைப் பௌதிக இடர் என்றும், சட்டமும் எரிபொருள் விலையும் வாங்குவோரின் எதிர்பார்ப்பும் மாறுவதால் வரும் சுமையை நிலைமாறல் இடர் என்றும் வகுக்கிறது. இரண்டாவதைத் தலைமை அலுவலகம் எப்படியும் கேட்டு வாங்கிவிடும். முதலாவதை மலையில் நிற்பவர்தான் எழுத முடியும்.

பெருமழையின்போது கானில் ஓடும் நீர் செந்நிறமாக இருந்தால், மேல்மண் கழுவப்பட்டுப் போகிறது என்று பொருள். தூர்ந்த கானை வெட்டுவது, மறுநடுகைக்கு முன் குவாத்தமாலா புல் வளர்த்து மண்ணைத் தேற்றுவது, வறட்சியைத் தாங்கும் இனங்களைப் பற்றிப் பசறையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறிவது ஆகியவை எவரும் சொல்லும் வழிகள். கவ்வாத்து மிலாற்றை வரிசைகளுக்கிடையே பரப்பினால் மண் ஈரம் காக்கும் என்பதும் உண்மையே. ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் அடுப்பு எரிவதும் அதே மிலாற்றில்தான் என்பதால், மாற்று விறகுக்கு ஏற்பாடு செய்யாமல் அதைத் தடுப்பது, தோட்டத்தின் இடரைத் தொழிலாளியின் சமையலறைக்கு இடம்மாற்றுவதாகவே முடியும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும், வேறு காணியோ வீடோ இல்லாத குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளை விட்டுச்சென்றது. தொழிற்சாலைக் கட்டடத்தின் பெறுமதியைக் கணக்கிட்டு எழுதும் இடர்ப் பதிவேட்டில் லயங்கள் இடம்பெறாமல் போனால், அப்பதிவேடு எத்தனை பக்கம் நீண்டாலும் குறையுள்ளதே. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மழைக்கு முன், பழைய ஊற்றுகள் இருந்த இடங்களை நினைவில் வைத்திருக்கும் முதிய தொழிலாளர்களை உடன் அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு லயத்தின் பின்புறச் சரிவிலும் ஏறி, நிலத்தில் புதிய வெடிப்பு உண்டா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கியிருக்கிறதா என்று பார்த்து, கண்டதைத் தேதியிட்டு எழுதி, அன்றைக்கே மேலே அனுப்புவது உதவி முகாமையாளரின் முதல் வேலை.