ஒரே வாளி, இரண்டு வீடு

கேள்வி: கள்ளக்குறிச்சியில் எங்கள் வீடு. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் அம்மா வீடு. இரண்டுக்கும் உள்சுவருக்கு ஒரே கலராக 20 லிட்டர் வாளி எடுத்தால் விலை குறையும் என்கிறார் கடைக்காரர். பெயின்டர் ஐவரி என்கிறார். மகளோ லேசாகச் சாம்பல் ஓடிய வெள்ளைதான் வேண்டும் என்கிறாள். ஷேடு கார்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. எதை வாங்க?
– வாசகி, கள்ளக்குறிச்சி

பதில்: 10 லிட்டராக இரண்டு வாளி வாங்குங்கள். கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

கார்டில் ஒளிந்துகொள்ளும் வித்தியாசம் நாலு சுவரில் அடித்ததும் வெளியே வந்துவிடும். ஐவரிக்குள் மஞ்சள் இருக்கிறது, மற்றதில் கறுப்பு. அதைக் கிளப்பிவிடுவது அறைக்குள் வரும் வெளிச்சம்தான். உங்கள் ஹால் எந்தத் திசை என்று எழுதவில்லை. மேற்கு ஜன்னலும் ரெட் ஆக்சைடு தரையும் என்றால், சாயங்கால வெயிலில் ஐவரி சுண்டக் காய்ச்சிய பால் நிறத்துக்குப் போய்விடும். அங்கே மகள் சொல்வதே சரி.

மலையில் கதை வேறு. ஜன்னலுக்கு வெளியே மரம். இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரில் பச்சை ஏற்றும். மூடுபனி நாளில் வெளிச்சமே சாம்பல். அதில் சாம்பல் வெள்ளை அடித்தால் சுவர் ஓதம் ஏறியதுபோல் இருக்கும். அம்மாவுக்கு ஐவரி. (சுண்ணாம்பு அடிக்கும்போது சொட்டு நீலம் கலப்பார்களே, அது மஞ்சளை அடக்கத்தான். பெயின்ட் கம்பெனிகளுக்கு முன்பே நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தை.)

பல்பையும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சாம்பல் நீலம் காட்டும். 3000 கெல்வினில் ஐவரி இன்னும் பழுக்கும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். 2 அடிக்கு 2 அடி வெள்ளை அட்டையில், ஓரம் விட்டு, இரண்டு கோட்டு அடித்துக் காயவிடுங்கள். பழைய சுவரில் நேராக அடித்துப் பார்க்காதீர்கள். பக்கத்திலுள்ள பழைய கலர் கண்ணை ஏமாற்றும். அட்டையைக் காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் ஜன்னல் இருக்கும் சுவரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அம்மா வீட்டுக்கும் பஸ்ஸில் எடுத்துப் போங்கள். அங்கே புதுப்பூச்சு என்றால் 28 நாளாவது ஆறட்டும். மழை பிடித்தால் இன்னும் பொறுங்கள், பெயின்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.