ஆடிச் சாரலில் கருகும் கிழங்குக் காடு

கேள்வி:

எங்களுக்குத் தாளவாடிப் பக்கம் நாலு ஏக்கர் காடு. பாதியில் வருஷா வருஷம் உருளைக்கிழங்கு, மீதியில் முட்டைக்கோஸ், பூண்டு, மஞ்சள். கிழங்கு குஃப்ரி ஜோதிதான். விதை கர்நாடகத்து மண்டியில் வாங்குவோம். போன ஆடியில் சாரல் விடாமல் பிடித்தது. பூப்பிடிக்கிற சமயத்தில் இலை நுனியில் கறுப்பு விழுந்தது. நாலைந்து நாளில் காடே வெந்நீர் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. கடையில் கார்பெண்டாசிம் கொடுத்தார்கள், கேட்கவில்லை. அப்புறம் மெட்டாலாக்சில் கலந்த மருந்து அடித்தோம். அதற்கும் அடங்கவில்லை. இன்னொரு பக்கம் சில செடிகள் இலை கருகாமல், பச்சையாகவே துவண்டு செத்தன.

பப்பாளிக்கு மாவுப்பூச்சி வந்தபோது கோயமுத்தூரில் குளவி விட்டு அடக்கினார்கள் என்று என் மாமனார் சொல்வார். அது மாதிரி இந்தக் கருகலுக்கு ஏதாவது உண்டுங்களா? டிரைக்கோடெர்மா போட்டால் நிற்குமா? ஊட்டியில் நோய் தாங்குகிற ரகம் இருக்கிறதாமே, விதை அங்கிருந்து கொண்டு வரலாமுங்களா?

— தாளவாடி வாசகர்

பதில்:

உங்கள் காட்டில் வந்தது ஒரு நோய் இல்லை, இரண்டு. கருகியது ஒன்று, பச்சையாகத் துவண்டது வேறொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடையில் போய் நின்றால், கையில் கிடைப்பதைக் கொடுத்து அனுப்புவார்கள். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

முதலில் கருகல். இது பின்பருவ இலைக்கருகல் நோய். இதைக் கொண்டுவரும் பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ், 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துச் சுமார் 10 லட்சம் பேரைப் பட்டினியில் சாகடித்த அதே கிருமி. பார்வைக்குப் பூஞ்சை போல இருக்கும். உறவுமுறையில் பாசிகளுக்கு நெருக்கமான நீர்ப்பூசணம். கார்பெண்டாசிம் பூஞ்சைக்கான மருந்து, இந்தக் கிருமியை அது தொடாது. நீங்கள் செலவழித்த பணம் ஒரு பைசாகூட பயிருக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மெட்டாலாக்சில் இந்தக் கிருமிக்கென்றே வந்த மருந்து. ஒரு காலத்தில் நன்றாகக் கேட்டது. ஆனால் 2009, 2010 வாக்கில் தென்னிந்தியாவின் தக்காளிக் காடுகளையும் கிழங்குக் காடுகளையும் கொளுத்திப் போட்டது ஐரோப்பாவில் பரவியிருந்த 13 ஏ2 என்ற வகை. மெட்டாலாக்சில் அதனிடம் எடுபடுவதில்லை. உங்கள் பக்கத்தில் யாராவது தக்காளி போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். இதே கிருமிதான் அங்கும் இருக்கும்.

சாரல் நாளில் விடிந்ததும் காட்டுக்குள் போய்க் கறுப்பு விழுந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளையாக, மெல்லிய பஞ்சு போல ஒரு வளையம் ஓடும். வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். அந்த வெள்ளைதான் வித்து. காற்றில் பறந்து அடுத்த இலையில் விழும். அங்கே குளிர்ந்த ஈரம் இருந்தால் வெடித்து, நீந்துகிற சிறு உயிர்களை விடும். அவை இலைக்குள் நுழைந்து சில நாளிலேயே மறுபடி வித்து விடும். நாலைந்து நாளில் காடே போனது என்று எழுதினீர்களே, அதற்குக் காரணம் இந்த வேகம்தான்.

இப்போது மாமனார் சொன்ன குளவிக் கதைக்கு வருகிறேன். அது முழுக்க உண்மை, நம் ஊருக்குப் பெருமையும்கூட. 2008-ல் கோவையில் பப்பாளியில் காணப்பட்ட அந்த மாவுப்பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோப் பக்கம். இங்கே வந்தபோது அதைத் தின்னும் எதிரி கூட வரவில்லை. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று ஈரோடு, திருப்பூர், சேலம் வரை ஏறி அடித்தது. மேலே மெழுகு போர்த்தியிருப்பதால் மருந்து உள்ளே இறங்கவில்லை. 2010-ல் பெங்களூரில் இருந்த தேசியப் பூச்சி ஆய்வகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபாகஸ் பப்பாயே என்ற குளவியைத் தருவித்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கிக் காடுகளில் விட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே வளர்வது பூச்சியைத் தின்றுவிட்டு, மிஞ்சிய கூட்டில் ஓட்டை போட்டு வெளியே பறக்கும். ஒரு சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும், ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து இன்னொரு குளவியை வரவழைத்து அதே வழியில்தான் போனார்கள்.

அந்த வெற்றிக்குக் காரணம், குளவிக்குச் சிறகும் மூக்கும் இருந்தது. ஒரு தோட்டத்தில் விட்டால் அடுத்த தோட்டத்து மாவுப்பூச்சியை அதுவே தேடிப் போகும். டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை, அதற்கு அப்படி ஓட முடியாது. போட்ட இடத்தில், சாப்பாடும் ஈரமும் இருந்தால் வளரும். இல்லாவிட்டால் அங்கேயே மடியும். மழையில் நனைகிற இலை அதற்குத் தங்க ஏற்ற இடம் இல்லை. டிரைக்கோடெர்மா, நன்மை செய்யும் பாக்டீரியாக்களான பேசில்லஸ், சூடோமோனாஸ் எல்லாவற்றையும் இலையில் தெளித்துச் சோதித்திருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் கருகல் கிருமியை நன்றாகவே தடுக்கும். காட்டில், நோய் வருமுன் தெளித்தால் ஓரளவு தாமதப்படுத்தும். விடாமல் சாரல் அடிக்கிற ஆடியில் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். யாராவது ‘இதைத் தெளித்தால் கருகல் வரவே வராது’ என்று பாட்டிலை நீட்டினால் வாங்க வேண்டாம்.

அதே டிரைக்கோடெர்மா மண்ணுக்குள் வேறு ஆள். மற்ற பூஞ்சையின் இழையைச் சுற்றிப் பின்னி, அதன் சுவரைக் கரைத்து உறிஞ்சிவிடும். கிழங்கின் தோலில் கறுப்புப் பொருக்காக ஒட்டியிருக்கும் ரைசோக்டோனியாவுக்கு இது நல்ல மருந்து. உங்கள் மஞ்சளில் வருகிற கிழங்கழுகலுக்கு இன்னும் நல்லது. உங்கள் நாலு ஏக்கரில் உயிர் மருந்தை முதலில் போட வேண்டிய இடம் எது என்று கேட்டால், மஞ்சள் காடு என்றுதான் சொல்வேன்.

கோவையில் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் புளுரசன்ஸ் இரண்டும் பொடியாகக் கிடைக்கும். ஏக்கருக்கு 1 கிலோ போதும். வெறும் பொடியை வீசாதீர்கள். நன்றாக மக்கிய தொழு எரு நூறு கிலோவில் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் குவித்து நனைத்த சாக்கால் மூடுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். முதலில் வெள்ளை இழை ஓடும், பிறகு எரு முழுக்கப் பாசிப் பச்சையாகப் பூக்கும். அந்தப் பச்சை வந்தால்தான் உங்கள் காசு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வாரம் ஆகியும் வராவிட்டால் பாக்கெட் பழையது. பொடி தயாரித்த நாளிலிருந்து நாலு மாதம் தாண்டினால் வீரியம் குறைந்துவிடும், ஆகவே தேதியைப் பார்த்து வாங்குங்கள். ரசாயன உரத்தோடும் பூஞ்சாண மருந்தோடும் சேர்த்துப் போடாமல் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

பச்சையாகத் துவண்ட செடிகள் பாக்டீரியா வாட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே வீட்டில் சோதிக்கலாம். அப்படித் துவண்ட செடியின் அடித்தண்டைக் கத்தியால் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுனை மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் போல வெள்ளை நூல் கீழே இறங்கினால் அது வாட்டத்தைக் கொண்டுவரும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா. அதற்குக் கடையில் மருந்தே இல்லை. அது விதைக்கிழங்குக்குள் ஒளிந்தும் வரும், விதையை நறுக்குகிற கத்தியிலும் வரும். ஆகவே நாற்பது, ஐம்பது கிராம் எடையுள்ள முழுக்கிழங்கையே விதையாக நடுங்கள். நறுக்கியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைக் கிருமிநாசினியில் முக்கி எடுங்கள். துவண்ட செடி இருந்த பாத்தியில் இரண்டு மூன்று வருஷம் கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி வேண்டாம். மக்காச்சோளம், ராகி, பூண்டு, கோஸ் போடலாம்.

இனி ரகம். இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம், கவலையும் அதிகம். நீங்கள் போடும் குஃப்ரி ஜோதி 1968-ல் வெளியானபோது கருகலைத் தாங்கும் ரகம் என்றுதான் வந்தது. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய சாதனை அது. நாடு முழுக்க அதையே நட்டோம். கிருமி மாறிக்கொண்டே இருந்தது, ஜோதி மாறவில்லை. இன்று அது கருகலுக்குத் தாங்காது.

இதே பாடத்தைக் கோவைக்காரர்கள் கரும்பிலும் பார்த்திருக்கிறோம். 1912-ல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உலகத்துக்கே ‘கோ’ ரகங்களைக் கொடுத்தது. அதன் கர்னால் மையத்தில் உருவாகி 2009-ல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்புக் காடுகளில் பெரும்பகுதியைப் பிடித்தது. பத்து ஆண்டு தாண்டியதும் செவ்வழுகல் நோய் அதை உடைத்தது. மாநிலம் முழுக்க ஒரே ரகம் நின்றதால் நோய்க்கு எங்கும் வழி திறந்திருந்தது. ரகத்தை உருவாக்கியவர்கள் மேல் இதில் குற்றம் இல்லை. நல்ல ரகம் கிடைத்ததும் வேறு எதையும் நடாமல் விட்ட நம் ஆசைதான் காரணம்.

உருளைக்கிழங்கில் புது ரகம் எடுப்பது மற்ற பயிர்களைவிடக் கடினம். இதில் மரபுத் தொகுதி இரண்டு இல்லை, நான்கு. ஒட்டுச் சேர்த்த விதையில் ஒன்றும் இன்னொன்று போல இருக்காது. ஆயிரக்கணக்கில் வளர்த்துக் கழித்து, பத்து ஆண்டுக்கு மேல் சோதித்து ஒன்றிரண்டு தேறும். மெக்சிகோவின் காட்டு உருளை இனத்திலிருந்து ஒற்றைத் தடுப்பு மரபணுக்களை எடுத்துச் சேர்த்த ரகங்களைக் கிருமி ஒவ்வொன்றாகத் தாண்டிவிட்டது. பல சிறு மரபணுக்கள் சேர்ந்து நோயை மெதுவாக்கும் ரகம்தான் நீண்ட நாள் நிற்கிறது. குஃப்ரி ஹிமாலினி, குஃப்ரி கிர்தாரி இரண்டும் மலைப்பகுதிக்கென்று அந்த வகையில் வந்தவை. இவற்றிலும் கருகல் வரும், ஆனால் மெதுவாக வரும். மருந்தடிக்கிற முறைகள் குறையும், சாரல் விடுகிற வரை இலை நிற்கும்.

ஊட்டி விதைக்கு என் பதில்: வேண்டாம். முத்தோரையில் உள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகியவை கருகலையும் நூற்புழுவையும் சேர்த்துத் தாங்குகிறவை, அருமையான ரகங்கள். ஆனால் நீலகிரி மண்ணில் 1961-ல் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு இருக்கிறது. கடுகைவிடச் சிறிய ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டை. அது மண்ணில் இருபது ஆண்டுக்கு மேல்கூடக் கிடந்து, உருளை வேரின் கசிவு பட்டதும் பொரிக்கும். நூற்புழுவைத் தாங்கும் ரகத்தின் வேரில் புழு நுழைந்தாலும் சத்துக் கிடைக்காமல் பெண்புழு முதிராது. அதனால் நீலகிரிக்காரர்களுக்கு இந்த ரகங்கள் தேவை. ஆனால் கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அந்தக் கூடு உங்கள் காட்டுக்கு வந்துவிட்டால், உங்கள் பேரன் காலத்திலும் எடுக்க முடியாது. இந்தப் புழுவுக்காகத்தான் 2018-ல் மத்திய அரசு தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களின் விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வைத்தது. விதை மட்டும் இல்லை, ஊட்டிக் கிழங்கு ஏற்றி வந்த பழைய சாக்கைக்கூட உங்கள் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்கு ஹாசன் பக்கம் எட்டும் தூரம். அங்கே ஆய்வகத்தில் நோயின்றி வளர்த்த செடியின் நுனித்தண்டை வேர்விடச் செய்து நாற்றாகக் கொடுக்கும் முறை பரவி வருகிறது, ஹிமாலினி உட்பட. நாற்றை நட்டு முதல் போகத்தில் விதைக்கிழங்கு எடுத்துக்கொண்டால் மண்டியில் கைமாறி வந்த, மூலம் தெரியாத விதையை நம்ப வேண்டியதில்லை.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழித்துக் கொட்டின கிழங்குக் குவியல் காட்டோரம் இருந்தால் முளைத்து முதல் நோய் அங்கிருந்துதான் கிளம்பும். ஆழக் குழி வெட்டி மூடுங்கள். மண்ணை நன்றாக உயர்த்தி அணைத்தால் இலையிலிருந்து கழுவி இறங்கும் வித்து கிழங்கைத் தொடாது. தெளிப்புநீர் போடுகிறீர்கள் என்றால் சொட்டுநீருக்கு மாறுங்கள். மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, நோய் வருமுன், மேகம் கூடும்போதே இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். கறுப்பு விழுந்த பிறகு அது தடுக்காது. முக்கால்வாசி இலை கருகிவிட்டால் தண்டை அறுத்து வெளியேற்றி, பத்துப் பதினைந்து நாள் விட்டுத் தோல் இறுகியதும் தோண்டுங்கள்.

அடுத்த போகத்தில் இரண்டு ஏக்கரிலும் ஹிமாலினி போட வேண்டாம். அரை ஏக்கரில் ஹிமாலினி, மீதியில் ஜோதி. இரண்டையும் ஒரே நாளில் நட்டு, ஒரே மருந்தடித்து, தோண்டும்போது தனித்தனியாக எடை போட்டு, மருந்துச் செலவையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். கணக்கை எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்து அதற்கடுத்த போகத்தில் எவ்வளவு மாற்றலாம் என்று சொல்கிறேன்.