தப்புச் சத்தம் கேட்டால் போதுமா?

குடும்ப நலப் பாடம்: கைக்குழந்தையின் செவிப்புலனைக் கவனித்து அறிதல்

குழந்தையின் நிறையை மாதந்தோறும் கிளினிக்கில் நிறுத்துப் பார்க்கிறோம். நிறை குறைந்தால் குடும்பநல மாது உடனே விசாரிக்கிறார், திரிபோஷா கொடுக்கிறார். பல் முளைத்ததும், தவழ்ந்ததும், எழுந்து நின்றதும் லயம் முழுவதும் பேச்சாகிறது. காது மட்டும் யார் கண்ணுக்கும் படாமல் இருந்துவிடுகிறது. இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோதுதான் சந்தேகம் எழுகிறது. அப்போதும், "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சமாதானம் சொல்லிவிடுகிறார். இன்னும் ஒரு வருடம் கழிந்துபோகிறது.

பேசத் தொடங்காத ஒரு கைக்குழந்தைக்குக் காது எவ்வளவு கேட்கிறது, கேட்டதை அது எவ்வளவு கவனிக்கிறது என்பதை எப்படி அறிவது என்பதே இவ்விதழின் பாடம். இடம்பெயர்ந்த குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையகக் குடும்பங்கள் லயத்தையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டுப் பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்க நேர்ந்தது. வீடு மாறும்போது கிளினிக்கும் மாறுகிறது. பழைய இடத்துக் குடும்பநல மாதுவின் பதிவில் பிள்ளையின் பெயர் இருக்கும். புதிய இடத்துப் பதிவில் இருக்காது. கிளினிக் புத்தகமோ மண்ணுக்குள் போயிருக்கும். காது பற்றிய கேள்வியைக் கேட்க வேண்டிய மாதங்கள் இப்படித்தான் தவறிப்போகின்றன.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்று முதல் மூன்று வரையான குழந்தைகளுக்கு நிரந்தரமான செவிப்புலன் குறை இருக்கும் என்பது பொதுவான கணக்கு. குறைமாதத்தில் அல்லது மிகக் குறைந்த நிறையில் பிறந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்து தேறிய குழந்தை ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். தாய் கர்ப்பமாயிருக்கும்போது ருபெல்லா கண்டாலும் அப்படியே. இலங்கையில் 1996இல் பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டதால் இந்தக் காரணம் இன்று பெரிதும் குறைந்துள்ளது. சொந்தத்தில் மாமன் மகளை, அக்காள் மகளை மணக்கும் வழக்கமும் ஒரு காரணமாகலாம். இரு பக்கத்திலும் மறைந்திருந்த பரம்பரைக் குறை பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்து வெளிப்படலாம். இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. குடும்பத்தில் ஒருவருக்கு இக்குறை இருந்தால், அடுத்த குழந்தையைப் பிறந்தவுடனேயே சோதிக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

"தப்புச் சத்தத்துக்குத் திரும்புறானே சாமி, காது எப்படிக் கேக்காமப் போகும்?" என்று பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் காது என்பது திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும் கதவு அல்ல. திருவிழாவில் அடிக்கும் தப்பும் இஸ்டோர் சங்கும் நாம் பேசும் பேச்சைவிடப் பல மடங்கு உரத்தவை. பாதிக் கேள்வியுள்ள குழந்தையும் அவற்றுக்குத் திரும்பும். முற்றிலும் கேளாத குழந்தைகூட, நெஞ்சிலும் பலகைத் தரையிலும் படும் அதிர்வை உணர்ந்து திரும்பலாம். இன்னொன்றும் உண்டு. லொறி இரைச்சலும் இடியும் தடித்த ஒலிகள். 'ஸ்' என்பது மிக மெல்லிய, உயர்ந்த ஒலி. முன்னதைக் கேட்கும் காது பின்னதைக் கேட்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் 'காசு' என்ற சொல்லும் 'ஊசி' என்ற சொல்லும் நடுவே ஓட்டை விழுந்த சொற்களாகவே போய்ச் சேரும். கூப்பிட்டால் ஒரு சமயம் திரும்புவான், ஒரு சமயம் திரும்பமாட்டான். வீட்டாரோ அவனைப் 'பிடிவாதக்காரன்' என்று சொல்லி அடிப்பார்கள்.

இதில் மற்றொரு பொறியும் இருக்கிறது. செவி கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ங்கா' சொல்லும், சிரிக்கும், குரல் எழுப்பும். 'சத்தம் போடுகிறதே, கேட்காமலா?' என்று நம்பிவிடுகிறோம். தன் குரலையே கேட்க முடியாத குழந்தையிடம் ஆறேழு மாதத்துக்குப் பின் அந்த மழலை வளராது, குறைந்தும் போகலாம். மற்றக் குழந்தைகள் 'பப்பப்ப', 'மம்மம்ம' என்று கோத்துச் சொல்லும் வயதில் இந்தக் குழந்தை அமைதியாகிவிட்டால், அந்த அமைதியை நல்ல குணம் என்று எண்ண வேண்டாம்.

வயதுக்கேற்ப எதைப் பார்க்கலாம்? பிறந்த சில நாட்களில், எதிர்பாராத பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடும், கண்ணைச் சிமிட்டும். மூன்று, நான்கு மாதத்தில், முகம் தெரியாவிட்டாலும் தாயின் குரல் கேட்டு அழுகையை நிறுத்தும். ஆறேழு மாதத்தில், மெல்லப் பேசினாலும் பேச்சு வந்த பக்கம் திரும்பும். ஒன்பது, பத்து மாதத்தில் தன் பெயருக்குத் திரும்பும். ஒரு வயதில் 'வா', 'தா' போன்றவை, கையால் சைகை காட்டாமலே விளங்கும். பகலெல்லாம் கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கு இவற்றைப் பார்க்க நேரம் குறைவு. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பிள்ளைமடுவத்தில்தான் கழிகிறது. ஆகவே அங்குள்ள ஆயம்மாவையும் பாட்டியையும் கேளுங்கள். இவர்கள் சொல்லும் சாட்சி மிகப் பெறுமதியானது.

தட்டைத் தட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பணியாற்றிய ஐரின் யூயிங், அலெக்சாண்டர் யூயிங் என்ற தம்பதியர் 1944இல் இதை வெளியிட்டார்கள். ஏழு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு அந்நாட்டில் வீடு வீடாகச் செல்லும் தாதிமார் நீண்ட காலம் இதையே செய்துவந்தார்கள். தாயின் மடியில் குழந்தை முன்னோக்கி உட்கார்ந்திருக்கும். ஒருவர் எதிரே இருந்து ஒரு பொருளைக் காட்டி அதன் கவனத்தைப் பிடித்து, பின் அப்பொருளை மறைத்துவிட வேண்டும். அந்த நொடியில், பின்னால் ஒரு பக்கமாக மூன்றடி தூரத்தில், காது மட்டத்தில் நிற்கும் மற்றவர் மெல்லிய ஒலி எழுப்ப வேண்டும். 'ஸ்ஸ்' என்று சொல்லலாம். 'ம்ம்' என்று முனகலாம். தேநீர்க் கோப்பையின் விளிம்பில் கரண்டியை மெல்ல உரசலாம். குழந்தை அந்தப் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு மறு பக்கத்திலும் செய்யுங்கள்.

இங்கே ஏமாறுவது எளிது. பின்னால் நிற்பவரின் நிழல் சுவரில் விழக்கூடாது. மூச்சுக் காற்று பிள்ளையின் கழுத்தில் படக்கூடாது. முகத்துக்குப் போட்ட பவுடர் வாசனைக்குக்கூடக் குழந்தை திரும்பிவிடும். தாயும் ஒலி வந்த பக்கம் பார்க்கக்கூடாது. இடையிடையே ஒலி எழுப்பாமல் சும்மா நின்று பாருங்கள். அப்போதும் குழந்தை திரும்பினால், அது காதால் திரும்பவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

இடமும் முக்கியம். லயத்தின் மெல்லிய சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு வானொலி, தற்காலிக முகாமில் நாற்பது பேரின் பேச்சு, தகரக் கூரையில் மழை என்றிருந்தால் நல்ல காதும் தோற்றுப்போகும். மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், காது கேளாதவரை இயேசு முதலில் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றதாகப் படிக்கிறோம். எமக்கு அந்தச் சிறு விபரம் எப்போதும் கவனத்துக்குரியதாகவே படுகிறது. மழையில்லாத காலை நேரத்தில் கோயில் மண்டபத்தையோ ஆலயத்தின் பின்னறையையோ அரை மணி நேரம் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

இச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. குழந்தை திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும் என்பது நிச்சயம். திரும்பினால் குறையே இல்லை என்பது நிச்சயமல்ல. இங்கிலாந்திலும் இச்சோதனை பல குழந்தைகளைத் தவறவிட்டதால், 2001 முதல் பிறந்த குழந்தைகளைக் கருவியால் சோதிக்கும் முறை படிப்படியாக அங்கே கொண்டுவரப்பட்டது. கருவிச் சோதனை இரு வகை. முதலாவது, தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து ஒலி கொடுத்து, உட்காது திருப்பி அனுப்பும் மிக மெல்லிய எதிரொலியை அளப்பது. அப்படி ஓர் எதிரொலி உண்டென்று 1978இல் டேவிட் கெம்ப் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி காட்டினார். இரண்டாவது, தலையில் சிறு வில்லைகளை ஒட்டி, ஒலிக்கு மூளை தரும் பதிலைப் பதிவது. இரண்டிலும் வலி இல்லை, ஊசி இல்லை. உங்கள் பிள்ளைக்குப் பிறந்த ஆஸ்பத்திரியில் இது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யப்படாவிட்டால், அல்லது ஐயம் இருந்தால், டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா வைத்தியசாலையிலோ காட்டி, காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். தேவையானால் கண்டிக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் பேர் போகும் என்பதை அறிவோம். ஆனாலும் போங்கள். ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே உலகெங்கும் வைத்தியர் கொள்ளும் அளவு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1998இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகள் பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்ததைக் காட்டியது.

காதில் சீழ் வடிவது வேறு விடயம். அது பெரும்பாலும் மருந்தால் குணமாகும். நல்லெண்ணெய், தாய்ப்பால், இலைச் சாறு எதையும் காதில் ஊற்ற வேண்டாம்.

கருவி காது வேலை செய்கிறதா என்று சொல்லும். பிள்ளை கவனித்துக் கேட்கிறதா என்று சொல்லாது. அதைத் தாய்தான் சொல்ல வேண்டும். செவிப்புலன் கருவியை மாட்டிய அன்றே பிள்ளை பேசும் என்று எதிர்பார்த்து, மூன்றாம் மாதத்தில் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்ட குடும்பங்கள் உண்டு. கருவி மாட்டிய நாளே அப்பிள்ளையின் கேள்வி பிறந்த நாள். ஒன்றரை வயதில் மாட்டினால், இரண்டு வயதில் அதன் கேட்கும் வயது ஆறு மாதம்தான். ஆறு மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பதையே முதலில் எதிர்பார்க்க வேண்டும். ஒலி இருப்பதை உணர்வது, எங்கிருந்து வருகிறதென்று தேடுவது, ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிவது, பெயரை அறிவது, பொருளை விளங்குவது என்று படிகள் உள்ளன. 'லிட்டில் இயர்ஸ்' என்ற பெற்றோர் வினாப்பட்டியல், கேட்கத் தொடங்கிய முதல் இரண்டு வருடங்களை 'ஆம்', 'இல்லை' என்று விடை சொல்லும் 35 கேள்விகளால் அளக்கிறது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில், சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாயும் உடன் இருந்து கற்கிறார். மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், 1956இல் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கைதடி நவீல்ட் பாடசாலையும் செய்த சேவை பெரிது. ஆனால் பாடசாலைக்குப் போகும் வயதுக்கு முந்திய வருடங்கள் வீட்டின் பொறுப்பில்தான் இருக்கின்றன. கருவியால் பயன் குறைந்த பிள்ளைக்குக் கைமொழியைத் தடுக்கவும் வேண்டாம். அதுவும் முழுமையான மொழியே.

வீட்டில் தினமும் செய்யக்கூடியது ஆறு ஒலிச் சோதனை. கனடாவில் பணியாற்றிய டானியல் லிங் என்ற ஆசிரியர் அமைத்தது இது. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளும் பேச்சின் தடித்த ஒலி முதல் மெல்லிய ஒலி வரை பரந்து நிற்கின்றன. காலையில் கருவியை மாட்டியவுடன், பிள்ளை உங்கள் வாயைப் பார்க்காதவாறு பக்கத்தில் இருந்து, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை தாளத்தைப் பழகிவிடும். கைக்குழந்தையானால், பால் குடிப்பதை நிறுத்துகிறதா, கண் விரிகிறதா, திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளையானால், ஒலி கேட்டவுடன் ஒரு கல்லை டின்னுக்குள் போடப் பழக்கலாம். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்காவிட்டால், முதலில் பற்றரியைப் பாருங்கள். அடுத்து, காதச்சுக்குள் அழுக்கோ ஈரமோ அடைத்துள்ளதா என்று பாருங்கள். எமது மலைப் பனிக்குக் கருவி சீக்கிரம் ஈரமாகும். இரவில் ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய டின்னில் வைக்கவும். 'கீ' என்று கத்தினால், காதச்சு தளர்ந்துவிட்டது, புதியது எடுக்க வேண்டும் என்று அர்த்தம். பழைய பற்றரியைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள். 'மார்ச் 4, காலை, இடது காது, மூன்றடி. ஆ, ஊ, ம் கேட்டது. ஈ ஐயம். ஷ், ஸ் இல்லை.' இந்த ஒரு வரியை வைத்து, கருவியை எந்தப் பக்கம் திருத்த வேண்டுமென்று நிபுணரால் யோசிக்க முடியும். 'பரவாயில்லை, கேக்குது' என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எழுத வராத தாய்க்கு, பாடசாலை போகும் மூத்த பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். கொப்பியையும் கிளினிக் புத்தகத்தையும் அடையாள அட்டை வைத்திருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வையுங்கள். புதிய இடத்துக்குப் போன முதல் வாரத்திலேயே அவ்விடத்துக் குடும்பநல மாதுவிடம் அவற்றைக் காட்டி, பிள்ளையின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால், புதியதைத் தரும்படி அவரிடமே கேட்கலாம்.