விழப் போகிற பல்லுக்கு வீண் செலவா?
பிள்ளைகளின் பல் பற்றி வணிகர் இல்லங்களுக்கு ஒரு பாடம்



"விழப் போகிற பல்லுக்கு வீண் செலவு எதற்கு?" என்னும் கேள்வி நம் சமூகத்து இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. இக்கேள்வியில் வணிகருக்கே உரிய கணக்கு ஒன்று இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. நாளை இடிக்கப் போகும் கட்டடத்துக்கு இன்று எவரும் புதுக் கூரை வேய்வதில்லை. ஆயினும், பாற்பல் விஷயத்தில் இந்தக் கணக்கு பிசகி விடுகிறது. எங்கே பிசகுகிறது, நீடித்து நிற்கும் பல்லடைப்பைத் தேடிய ஆராய்ச்சியாளர் கண்டது யாது, பிள்ளைகளின் பல்வரிசை கோணுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பனவற்றை இவ்விதழில் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

1. பாற்பல்லின் தவணை

குழந்தைக்கு முளைக்கும் பாற்பற்கள் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடி விழத் தொடங்குகின்றன. இதைக் கண்டு, எல்லாப் பாற்பற்களும் அப்படியே விழுந்துவிடும் என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். ஆனால், பாற்கடைவாய்ப் பற்கள் எட்டும் ஏறக்குறைய 9 வயதிலிருந்து 12 வயதுக்குள்தான் விழும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடைவாயில் சொத்தை கண்டால், அந்தப் பல் இன்னும் நாலைந்து வருஷம், சில வேளை அதற்கு மேலும், உழைக்க வேண்டிய பல். ஐந்து வருஷக் குத்தகை மீதமிருக்கும் கடையை, "எப்படியும் ஒரு நாள் காலி செய்யத்தானே வேண்டும்" என்று எவரேனும் கூரை ஒழுக விடுவாரா?

மெல்லுவது மட்டுமே அப்பல்லின் வேலையன்று. பின்னால் வரவிருக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதன் வேலையே. ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் புதிதாக முளைப்பதால், பெற்றோர் பலர் இதையும் பாற்பல் என்றே நினைத்து விடுகின்றனர். இந்தப் பல்லுக்கு முன்னோக்கி நகரும் இயல்பு உண்டு. முன்னால் நிற்கும் பாற்பல்லே அதைத் தடுத்து நிறுத்துகிறது. அப்பாற்பல்லைக் காலத்துக்கு முன் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? சந்தையில் ஒருவர் எழுந்து போன இடத்தில் பக்கத்துக் கடைக்காரர் தம் கூடைகளை நகர்த்தி வைப்பது போல, பின்பல் அந்த இடத்தில் சாய்ந்து விடுகிறது. பத்துப் பதினொரு வயதில் வரும் உரிய பல்லுக்கு இடமில்லை. அது வரிசை தப்பி முளைக்கிறது. அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கிக் கொள்கிறது. அன்று மிச்சம் பிடித்த சிறு பணம், பின்னர் கம்பி கட்டும் பெருஞ்செலவாகத் திரும்பி வருகிறது.

2. அடைப்புப் பொருளின் வரலாறு

வெகு காலம் பல்லடைப்புக்கு ஆகி வந்தது ரசக்கலவை. அதன் எடையில் ஏறக்குறையச் சரிபாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியன. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் 1890-களில் இதன் கலவை விகிதத்தைச் சீர்ப்படுத்தினார். இது உறுதியான சரக்குத்தான். ஆனால், பல்லோடு ஒட்டாது. ஆகவே, கழன்று விழாதிருக்க, நல்ல பல்லையும் சேர்த்துக் குடைந்து பள்ளம் செய்ய வேண்டியிருந்தது.

ஒட்டும் அடைப்புக்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஆராய்ந்த மைக்கேல் புவோனோகோர் என்பவர். உலோகத் தகட்டில் சாயம் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதையே பல்லின் மேற்பூச்சில் செய்து பார்த்தால் என்ன என்று அவர் எண்ணினார். அமிலம் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாயின. பிசின் அவற்றுள் புகுந்து பிடித்துக் கொண்டது. 1955-இல் இதை அவர் வெளியிட்டார். 1962-இல் ரஃபேல் போவன் என்பவர், கண்ணாடி போன்ற நுண்தூள் கலந்த புதுப் பிசின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் பல்நிற வெள்ளை அடைப்பு இவ்வாறு பிறந்ததே. இதன் குறை, இறுகும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்குவது. ஓரத்தில் இடுக்கு விழுந்தால் கிருமி புகும். எச்சில் ஈரம் பட்டாலும் ஒட்டு கெடும். கையும் காலும் ஆட்டும் சிறு பிள்ளையின் வாயை உலர வைத்திருப்பது எளிதன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லண்டனில் வில்ஸன், கென்ட் என்னும் இருவர் 1970-களின் தொடக்கத்தில் வெளிப்படுத்திய கண்ணாடித்தூள் சிமெண்டு இன்னொரு வகை. அது தானாகவே பல்லோடு ஒட்டும். ஃபுளோரைடு என்னும் பல் காக்கும் உப்பையும் சிறுகச் சிறுகக் கசிய விடும். ஆனால், கடிக்கும் அழுத்தத்தில் வெள்ளை அடைப்பை விடச் சீக்கிரம் தேயும்.

ரசக்கலவையின் காலமோ முடிந்து வருகிறது. பாதரசத்தைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், 2025 முதல் எல்லோருக்கும், மருத்துவர் அவசியமெனக் கருதும் நிலை தவிர, இதை நிறுத்தியது. வாயில் ஏற்கெனவே நல்ல நிலையில் இருக்கும் ரச அடைப்பை அச்சத்தால் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை என்பதையும் மறவாதிருப்போமாக. பெயர்க்கும்போது நல்ல பல்லும் சேர்ந்தே போகிறது.

3. நீடிப்பது சரக்காலா, வாயாலா?

எந்த அடைப்பு நீடிக்கும் என்று கேட்டால், பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட முடியாது. வெள்ளை அடைப்பைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2014-இல் வெளியான கணக்கின்படி, கடைவாய் அடைப்புகளில் ஐந்தாண்டு வரையில் ஆண்டுக்கு 1.8 சதவிகிதமும், பத்தாண்டு வரையில் ஆண்டுக்கு 2.4 சதவிகிதமும் பழுதாயின. அதாவது, பெரும்பாலானவை பத்தாண்டு தாங்கின. ஆனால், சொத்தை அதிகம் விழும் வாய்களில் அதே அடைப்பு வெகுவாகப் பழுதாயிற்று. பழுதுக்குப் பெருங்காரணம், அடைப்பின் ஓரத்தில் மறுபடி விழும் சொத்தை. கிடங்கில் எலி இருக்கும்போது, சாக்கை மட்டும் புதிதாக மாற்றிப் பயன் என்ன? ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி பெரிதாகிறது, பல் சிறிதாகிறது. ஆகவே, முதல் அடைப்பைக் காப்பதே பெரிய லாபம்.

4. ஸ்காட்லாந்து தந்த பாடம்

நோர்னா ஹால் என்னும் பல் மருத்துவ அம்மையார் ஸ்காட்லாந்தில் மருத்துவம் செய்து வந்தார். பாற்கடைவாய்ப் பல்லில் சொத்தை கண்டால் அவர் குடைவதில்லை. மரப்பு ஊசியும் போடுவதில்லை. பல்லின் அளவுக்கு ஆயத்தமாக இருக்கும் உலோக உறையை எடுத்து, உள்ளே சிமெண்டு இட்டு, சொத்தையின் மேலேயே அழுத்தி மாட்டி விடுவார். வெளியுலகம் இதை முறைகேடு என்றே கருதியிருக்கும். ஆனால், அம்மையாரிடம் ஒழுங்கான குறிப்பேடுகள் இருந்தன. ஆராய்ச்சியாளர் அவற்றைச் சரிபார்த்து 2006-இல் வெளியிட்டனர். கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைத்திருப்பவரின் சொல் சபையேறும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதன்பின் டண்டீ பல்கலைக்கழகத்தார் 132 பிள்ளைகளிடம் நேர்ச் சோதனை நடத்தினர. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லில் ஹால் உறை. ஒத்த மற்றொரு பல்லில் மருத்துவர் வழக்கமாகச் செய்யும் அடைப்பு. ஐந்தாண்டு கழித்து 2011-இல் வெளியான முடிவில், சீழ், கடும் வலி போன்ற பெரிய பழுது கண்டவை உறை போட்ட பற்களில் 3 சதவிகிதம். வழக்கமான அடைப்பில் 16.5 சதவிகிதம்.

காரணம் எளிது. சொத்தைக் கிருமி நாம் உண்ணும் சர்க்கரையைத் தின்று வாழ்வது. உறை இறுக மூடியதும் அதற்குச் சரக்கு வரத்து நின்று விடுகிறது. உறை மாட்டியவுடன் கடி சற்று உயர்ந்து நிற்கும். பிள்ளை வளரும் பருவமாதலால் சில வாரங்களில் அது தானே சமனாகி விடுகிறது. ஆனால், இரவில் தூங்க விடாமல் வலிக்கும் பல்லுக்கும், ஈறில் சீழ்க்கட்டி வந்துவிட்ட பல்லுக்கும் இம்முறை ஆகாது. காலம் தாழ்த்தாமல் போனவர்க்கே இந்தச் சலுகை.

5. கோணல் பல்லும் கம்பியும்

1899-இல் எட்வர்டு ஆங்கிள் என்னும் அமெரிக்கர், மேல் கீழ் முதற் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தைக் கொண்டே கடிப்பை மூன்று வகையாகப் பிரித்தார். நாம் பாற்பல்லென்று அலட்சியம் செய்யும் அந்த ஆறு வயதுப் பல்லே கடிப்புக்கு அச்சாணி என்பது இதனால் விளங்கும்.

மேல் முன்பற்கள் எத்தி நிற்கும் பிள்ளைக்கு எட்டு வயதிலேயே கம்பி போட வேண்டுமா? ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு ஒன்று, சிறு வயதில் ஒரு முறை, பருவ வயதில் ஒரு முறை எனச் செய்வதும், பருவ வயதில் ஒரே முறை செய்வதும் ஏறக்குறைய ஒரே பலனையே தரும் என்கிறது. முன்கூட்டிச் செய்வதால் கிடைக்கும் ஆதாயம், விழுந்து முன்பல் உடையும் ஆபத்து குறைவதே. ஓடியாடி விழும் பிள்ளைக்கு அது பெறும், மற்றவர்க்குப் பொறுத்திருக்கலாம்.

பொறுக்கக் கூடாதவையும் உண்டு. கீழ் முன்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து கடிப்பது. வாயை மூடும்போது தாடை ஒரு பக்கம் விலகுவது. நிரந்தரப் பல் வந்த பின்னும் விரல் சூப்புவது. இவற்றைக் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுதல் நலம். அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் மலிவு விலைக்குக் கம்பி மாட்டுவோரை நாடவே வேண்டாம். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது சட்டப்படி குற்றம்; பல்லின் வேரையும் ஈறையும் அது கெடுக்கும்.

6. நம் நாடுகளில் உள்ள வசதி

பினாங்கில் 1949-இல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது முதல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் காக்கும் பணி இங்கே வேரூன்றியது. ஜோகூர் பாருவில் 1957-இல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. சிங்கப்பூர் 1950-களிலேயே தீவு முழுவதற்கும் அதைச் செய்தது. தண்ணீரைக் காய்ச்சுவதால் அது போகாது. ஆனால், சிலவகை நுண்வடிகட்டிகள் அதை நீக்கி விடும். பள்ளியிலிருந்து பல் பரிசோதனைச் சீட்டு வந்தால், கல்லாப்பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் அன்றே கையெழுத்திட்டு அனுப்புவோம்.

கடை அடைத்துத் தாமதமாக வரும் தகப்பனாருக்கும் ஒரு கடமை உண்டு. கையில் கொண்டுவரும் மிட்டாயும், படுக்கும் முன் தரும் இனிப்புப் பாலும் வேண்டாம். இரவில் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கிப் படுக்க வைப்பதே போதும். மூன்று வயதுக்குள் அரிசியளவு பசை. ஆறு வயது வரை பட்டாணியளவு. துலக்கிய பின் துப்பினால் போதும்; நீரால் கொப்பளிக்க வேண்டாம்.

7. பாடத்தின் கேள்விகள்

இனி, ஒவ்வொருவரும் இல்லத்தில் விடை காண வேண்டிய வினாக்கள் இவை:

நம் பிள்ளையின் ஆறு வயதுப் பல் முளைத்திருக்கிறதா? அதை நாம் வாய் திறந்து பார்த்தோமா?

சொத்தைப் பாற்பல்லைப் பிடுங்கச் சொல்லும் முன், காக்க வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்டோமா?

பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், அந்த இடம் மூடாதிருக்கக் கம்பி வளையம் வைக்க வேண்டுமா என்று கேட்டோமா?

வருஷ முடிவில் சரக்கிருப்பைக் கணக்கெடுக்கத் தவறாத வணிகர் நாம். பிள்ளைகளின் வாயிலுள்ள இருப்பையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்போமாக. கடையில் போன முதலை மறுபடி தேடிக் கொள்ளலாம். நிரந்தரப் பல் போனால் மறுபடி முளைப்பதில்லை.