ஒன்றா? ஒத்ததா?

உங்கள் மேசைமேல் ஒரு திருக்குறள். என் மேசைமேல் ஒரு திருக்குறள். பதிப்பும் எழுத்தும் ஒன்றே. எனினும் நூல்கள் இரண்டு அன்றோ? ஜாவா மொழியில் நிரல் எழுதப் புகும் நண்பர்க்கு நான் முதலில் விளக்குவது இவ்வேறுபாட்டையே.

1995-இல் வெளிவந்த அம்மொழியில் சரம் ஒவ்வொன்றும் ஒரு பொருள். அதாவது, கணினியின் நினைவகத்தில் தனியிடம் பெற்றது. மாறி அவ்விடத்தைச் சுட்டி நிற்பதே. இரு சரங்களுக்கிடையே இரட்டைச் சமக்குறி இட்டால், 'இரண்டும் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா?' என்று வினவியதாகும். எழுத்துகள் ஒத்துள்ளனவா என அறிய 'ஈக்வல்ஸ்' என்னும் செயற்கூறை அழைத்தல் வேண்டும்.

'சில வேளை சமக்குறியும் சரியான விடை தருகிறதே!' என்பீர்கள். நிரலிலேயே மேற்கோளிட்டு எழுதிய ஒத்த சரங்களை ஜாவா ஒரே படியாக வைத்துக்கொள்கிறது. அதனால் விடை பொருந்துகிறது. கோப்பிலிருந்தோ விசைப்பலகையிலிருந்தோ படித்த சரம் புதிய பொருள். அங்கே 'இல்லை' என்னும் விடை வரும். பைத்தான் மொழியிலோ இரட்டைச் சமக்குறி எழுத்துகளையே ஒப்பிடும். அதில் பழகி வருவோர் விழிப்பாயிருக்க வேண்டும்.

எதையும் சுட்டாத மாறியைக் கொண்டு ஈக்வல்ஸை அழைத்தால் நிரல் பிழையுற்று நிற்கும். தெரிந்த சரத்தை முன்வைத்து அழைப்பதே காப்பு.

தமிழர்க்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிக்கோடு முறையில் 'கொ' என்பதில் ககரத்தை அடுத்து ஒகரக் குறி (எண் 3018) ஒன்றே வரலாம். எகரக் குறியும் (3014) துணைக்காலும் (3006) தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; ஈக்வல்ஸுக்கோ வேறு வேறு. நம் சங்கத் தேர்தலுக்கு உறுப்பினர் பட்டியலைக் கணினியில் ஏற்றினோம் என்று கொள்வோம். பட்டியலில் ஒருவகையாகவும் வாயிலில் மற்றொருவகையாகவும் 'கொற்றவை' என்று தட்டினால், 'நீர் உறுப்பினர் அல்லீர்' என்று கணினி அம்மாணவியைத் திருப்பியனுப்பும். ஒரு குறியால் ஒருவர் உரிமை போகலாமா?

மருந்து எளிது. ஒப்பிடுமுன் இரு சரங்களையும் 'நார்மலைசர்' என்னும் வகுப்பால் ஒரே வடிவுக்குக் கொணருங்கள். முன்பின் இடைவெளிகளையும் நீக்குங்கள். பிறகு ஈக்வல்ஸை அழையுங்கள்.

நண்பர்களே, உங்கள் பெயரில் ஒகரமோ ஓகாரமோ இருப்பின், அதனை இருவகையாகவும் எழுதி இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். பிறர் பெயரைக் காக்கும் நிரல் எழுத அதுவே முதற் பயிற்சி.